படத்தை மாற்றுங்கள், விதியை மாற்றாதீர்கள்!

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உங்கள் அப்பாவோ, சித்தப்பாவோ விளையாடியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 1989-ல் அமெரிக்காவில் வெளிவந்தது.

பொல்லாத மந்திரியிடம் இளவரசி சிக்கிக்கொள்கிறாள். பாதாளச் சிறையில் கிடக்கும் கதாநாயகன் ஓடி, தாவி, தொங்கி, ஏறி, 60 நிமிடத்துக்குள் அவளை மீட்க வேண்டும். தரையில் ஒரு கல்லை மிதித்தால் எங்கோ ஒரு கதவு திறக்கும். இன்னொரு கல்லை மிதித்தால் அதே கதவு மூடிக்கொள்ளும். எதை, எப்போது மிதிப்பது? அதுதான் புதிர். கை வேகம் மட்டும் இருந்தால் போதாது!

ஆப்பிள் 2 என்ற பழைய கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்ட இந்தப் புரோகிராம், இன்றைய கம்ப்யூட்டர்களில் அப்படியே ஓடாது. அதனால் இதைப் புதிதாகச் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால், படத்தை எவ்வளவு அழகாக மாற்றினாலும், ஆட்டத்தின் விதியில் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி, உருவத்தைப் பிரதி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதனால்தான் இளவரசன் நிஜ மனிதனைப் போல ஓடுகிறான். ஓடுகிறவன் சட்டென்று நிற்க முடியாதல்லவா? இவனும் சறுக்கித்தான் நிற்பான். பள்ளத்தின் விளிம்பில் அந்தச் சறுக்கலைக் கணக்குப் போட வேண்டும். 'பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கிறதே' என்று அதை நீக்கிவிட்டால், புதிரும் கூடவே போய்விடும்.

இன்னொன்று கேளுங்கள். இளவரசனின் படங்களே கம்ப்யூட்டரின் நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரியை வரைய இடமில்லை! மெக்னர் என்ன செய்தார் தெரியுமா? இளவரசனின் படத்தையே சற்று உருமாற்றி, 'நிழல் மனிதன்' ஆக்கிவிட்டார். வழியில் ஒரு மாயக் கண்ணாடி வரும். அதற்குள் பாய்ந்தால் நிழல் தனியே பிரிந்து ஓடும். பிறகு ஒருநாள் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் உங்கள் உயிர்தான் குறையும். அப்படியானால் என்னதான் செய்வது? விடையை நான் சொல்ல மாட்டேன். வாத்தியார் புத்தி!

இந்த விளையாட்டின் மூலப் புரோகிராம் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. 2012-ல் மெக்னரின் அப்பா, வீட்டில் ஒரு பெட்டியில் பழைய பிளாப்பிகளைக் கண்டெடுத்தார். பிளாப்பியில் பதிந்தவை நாளாக நாளாக அழியக்கூடியவை. நல்லவேளை, நிபுணர்கள் பக்குவமாகப் படித்து எடுத்துவிட்டார்கள். மெக்னர் அதை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார். அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருந்தால்?

விளையாட்டின் உரிமை இப்போது யுபிசாஃப்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. 2007-ல் அது புதிய படங்களோடு ஒன்றை வெளியிட்டது. எனக்குப் பிடித்தது ரசிகர்கள் செய்த 'எஸ்.டி.எல்.பாப்' தான். டாஸ் கம்ப்யூட்டருக்கு வந்த பதிப்பை வரி வரியாக ஆராய்ந்து செய்தது அது. பழைய ஆட்டத்தில் இருந்த பிழைகளைக்கூடத் தாங்களாக அழித்துவிடவில்லை. திருத்தம் வேண்டுமா, வேண்டாமா என்பதை விளையாடுகிறவரே முடிவு செய்யலாம். எத்தனை மரியாதை பாருங்கள்!

'விழுந்தால் கட்டத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டும், கடிகாரமும் நிற்காது, இதையெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொறுப்பார்களா?' என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒரே கணக்கை நாலு முறை தப்பாகப் போட்டு, ஐந்தாம் முறை விடை வந்ததும் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகளை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

பள்ளியில் 'ஸ்கிராட்ச்' கொண்டு விளையாட்டு செய்கிறீர்களா? பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். எதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நோட்டில் குறித்தும் வையுங்கள். மெக்னர் அந்த நாட்களில் எழுதிய நாட்குறிப்பு, பின்னால் புத்தகமாகவே வந்திருக்கிறது.