வெங்காயத்தை ஃபிரிட்ஜில் வைக்கும் வெங்காயங்களுக்கு

இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் கடுப்பு. போன வாரம் நண்பர் ஒருத்தர் தனிமடல்ல ஒரு படம் அனுப்பியிருந்தார். ஃபிரிட்ஜுக்குள்ள, தக்காளிக்கும் ஆப்பிளுக்கும் நடுவுல, பேப்பர்ல சுத்தின மூணு அமரில்லிஸ் கிழங்கு. 'எட்டு வாரம் குளிர்ல வச்சாதான் மறுபடி பூக்குமாம்' அப்படின்னு கீழ ஒரு வரி. நண்பர் இருக்கிறது கள்ளக்குறிச்சி. ஆம்ஸ்டர்டாம் இல்லை.

சிரிக்கலாம்னு பார்த்தா முடியலை. மூணு வருஷம் முன்னாடி இதே கிறுக்குத்தனத்தைப் பண்ணினவன் நான். வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்த்த டீச்சர் ஒருத்தங்க மாற்றலாகிப் போறப்ப அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போன அஞ்சு கிழங்கு. வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில செக்கச்செவேல்னு பூக்கும். லீவுல வந்த நான் சும்மா இருந்திருக்கலாம். எவனோ எழுதினதைப் படிச்சுட்டு, பூத்து முடிஞ்ச கையோட இலையை எல்லாம் கழுத்தோட வெட்டி, தோண்டி எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சேன். ரெண்டு அழுகிடுச்சு. மிச்சம் மூணும் அடுத்த வருஷம் வெறும் இலை. அம்மா திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

முதல்ல பேரு. நம்ம வீட்டுத் தொட்டியில இருக்கிறது அமரில்லிஸே இல்லை, ஹிப்பியாஸ்ட்ரம். தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. நிஜ அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காக்காரி. 1753ல லின்னேயஸ் பேர் வச்சதுல ஆரம்பிச்ச குழப்பம், 1987ல பெர்லின்ல நடந்த தாவரவியல் மாநாட்டுலதான் ஒரு வழியா முடிஞ்சது. கடைக்காரர் இன்னும் பழைய பேர்லதான் விக்கிறார். விக்கட்டும், நாமளும் அப்படியே கூப்பிடுவோம்.

இப்ப அந்த இலை வெட்டற கதை. கிழங்குன்னு நாம சொன்னாலும் அது வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கிற குமிழ். ஒவ்வொரு அடுக்கும் இலையோட அடிப்பாகம். நாலு இலை விட்டா உள்ள ஒரு மொட்டு உருவாகும், ஏறத்தாழ அதுதான் கணக்கு. அந்த மொட்டு வெளிய தலை நீட்ட ஒரு வருஷம் போல ஆகும். அதாவது அடுத்த வருஷப் பூவை இந்த வருஷ இலைதான் சமைச்சுப் போடுது. பூ உதிர்ந்ததும் பூத்தண்டை மட்டும் வெட்டணும். இலையில கத்திரி வச்சா சோத்துப் பானையை உடைச்ச மாதிரி. நம்மூர்ல மரவள்ளி போட்ட யார்கிட்டயாவது போய் 'அண்ணே, இலையை எல்லாம் உருவிட்டா கிழங்கு நல்லாப் பெருக்குமா'ன்னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வரும்னு நான் எழுத முடியாது.

குளிர் விஷயம் முழுப் பொய்யும் இல்லை. பத்துப் பதிமூணு டிகிரியில எட்டு பத்து வாரம் வச்சா எல்லாக் கிழங்கும் ஒரே நேரத்துல பூக்கும். கிறிஸ்துமஸுக்கு விக்கிற டச்சு வியாபாரிக்கு அது வேணும், நமக்கு எதுக்கு? ஃபிரிட்ஜோ நாலஞ்சு டிகிரி. போதாக்குறைக்குப் பக்கத்துல ஆப்பிள். அது விடற எத்திலீன் வாயு உள்ள இருக்கிற மொட்டைக் கெடுக்கும்னு விக்கிறவங்களே எச்சரிக்கை போடறாங்க. இன்னொண்ணு, பார்க்க பெரிய வெங்காயம் மாதிரியே இருக்கும், உள்ள லைக்கோரின்னு நஞ்சு. வாந்தி, வயித்தாலதான். அவசரத்துல யாராவது எடுத்துச் சாம்பாருக்கு நறுக்கினா?

இந்தச் செடிக்கு ஓய்வு வேணும். நம்மூர்ல ஓய்வு குளிர்ல இல்லை, காய்ச்சல்ல இருக்கு. கருணைக்கிழங்கு போட்ட பாட்டிக்கு இது தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சதும் மார்கழியில தண்ணியைக் குறைங்க. தை, மாசி ரெண்டு மாசமும் மழை படாத இடத்துல தொட்டியோட காயவிடுங்க. இலை தானா மஞ்சளாகி விழுந்தா விழட்டும், விழலைன்னாலும் பரவாயில்லை, பழைய நாட்டுச் சிவப்பு ரகம் பல சமயம் இலையோடவே பூத்துடும். பங்குனியில தண்ணி. அவ்வளவுதான். கரியாலூர், வெள்ளிமலைன்னு மலை மேல இருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம், மார்கழிக் குளிரே பாதி வேலையைப் பார்த்துடும்.

நடும்போது குமிழ்ல மூணுல ஒரு பங்கு மண்ணுக்கு மேல தெரியணும். முழுசாப் புதைச்சா ஐப்பசி மழையில அழுகல் நிச்சயம். மக்கின ஆலைக்கழிவு நம்ம பக்கம் கிடைக்கும், கூடக் கொஞ்சம் சாம்பல். யூரியா வேண்டாம், இலையாத் தள்ளும்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல், ஒரு நர்சரியில கேட்டது. 'இது ஒரு தடவைதான் சார் பூக்கும், அப்புறம் புதுசு வாங்கிக்குங்க'ன்னார். ஒழுங்கா விட்டா பல வருஷம் வாழ்ந்து, பக்கத்துல குட்டி போட்டு, தெருவுக்கே பங்கு வைக்கிற செடி இது. அம்மாவோட அஞ்சும் அப்படி வந்ததுதானே!

அந்த மூணு கிழங்கையும் அதுக்கப்புறம் நான் தொடலை. இலை வளர விட்டது அம்மாதான். போன சித்திரையில ஒண்ணு பூத்துச்சு, நாலு பூ. மத்த ரெண்டுல இப்ப ஆளுக்கு ஆறு இலை. நண்பருக்கு நேத்து போன் பண்ணி ஃபிரிட்ஜைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். ஆப்பிள் மட்டும் இருக்கட்டும்னேன்.