பொது இடம் ஓர் அமானிதம்



அண்மையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தோம். ஊரின் ஓரத்தில் எழுந்துள்ள புதிய குடியிருப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே பூங்காவுக்கென விடப்பட்ட இடத்தில் சீமைக் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. “வீணாகக் கிடக்கும் அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மத்ரஸா எழுப்பிவிடலாமே, ஹஜ்ரத்?” என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் கேட்டார். இடநெருக்கடியில் அன்றாடம் ஓதிக்கொடுப்பவன் நான். ஆயினும் “வேண்டாம்” என்றே சொன்னேன். கூடியிருந்தோர் வியந்தனர்.

அது வீணான இடமன்று. தமிழ்நாட்டு விதிகளின்படி, 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் வழியே உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அந்தக் குடியிருப்பும் அத்தகையதே. ஆகவே அந்த இடம் அங்கு வாழும் அனைவருக்கும் உரியது; நாளை பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதில் பங்குண்டு.

அதன் பயன்தான் என்ன? நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவர், “தினமும் நடங்கள்” என்கிறார். எங்கே நடப்பது? லாரிகள் விரையும் நெடுஞ்சாலையிலா? வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு பெரியவர்களுக்கும், நாள்தோறும் சராசரி 60 நிமிடம் சிறுவர்களுக்கும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டருகே மரநிழலில் ஒரு நடைபாதை இருந்தால், அண்டை வீட்டாரின் துணையோடு அச்சமின்றி அவர்கள் நடப்பார்கள். மாலையில் ஓடியாடிய பிள்ளை மஃரிபுக்குப் பின் அமைதியாக அமர்ந்து ஓதுவதை நான் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன்.

விளையாட்டு மார்க்கத்திற்குப் புறம்பானது என்று எண்ண வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். பெருநாளில் ஹபஷா நாட்டவரின் ஈட்டி விளையாட்டை அன்னையார் மனம் நிறையும்வரை பார்க்கச் செய்தார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக்கினார்கள். மக்கள் நடக்கும் வழியையும் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவதைக் கடுமையாகத் தடுத்தார்கள்.

நற்காரியத்திற்காக எடுத்துக்கொண்டால் என்ன என்பதே பெரியவரின் அடுத்த கேள்வி. மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீ எழுந்த வரலாற்றை நினைவூட்டினேன். அந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், நாயகம் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். இறையில்லத்திற்கே அந்தப் பேணுதல் என்றால், நமக்கு என்ன விதிவிலக்கு? ஒரு சாண் நிலத்தை அநியாயமாகக் கைப்பற்றியவனுக்கு மறுமையில் நேரும் தண்டனையைப் பற்றிய நபிமொழியை நாமே மிம்பரில் ஓதுகிறோமே!

நாட்டுச் சட்டமும் அவ்வாறே. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டபோது, அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். அது செல்லாதென 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்கா முதலிய பொது இடங்களில் எச்சமயத்தாரும் அனுமதியின்றி வழிபாட்டிடம் எழுப்பக் கூடாதென 2009-இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

பெரியவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அப்படியானால் முள்ளையாவது வெட்டுவோம்” என்றார். ஊராட்சியின் இசைவைப் பெற்று, இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளை அகற்றினர். சுற்றிலும் மண்பாதை ஒன்று அமைத்து, ஓரத்தில் வேம்பும் புங்கும் நட்டிருக்கிறோம். பறவை கொத்தித் தின்றாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்பது நபிவாக்கன்றோ! மத்ரஸாவுக்கு இன்னும் இடம் அமையவில்லை. விலை கொடுத்து வாங்கப் பொருள் திரட்டி வருகிறோம்.

உங்கள் குடியிருப்பின் மனை வரைபடத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பூங்கா எனக் குறித்த இடம் இன்று யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அமானிதங்களைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.