அம்மா மட்டும் ஏன் கரையில்?

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடற்கரை கிடையாது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறவேண்டும். பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று கிழக்கே போகவேண்டும்.

ஆனால், கடலுக்கும் இந்த ஊர்களுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. காரை கிராமத்தில் இன்றும் கல்லாகிப்போன கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. அரியலூர் சிமெண்டுக்கு உதவும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். 1025-ம் ஆண்டு கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரமும் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த மண்ணின் மக்கள் இப்போது உல்லாசமாகக் கப்பல் ஏறும் காலம் வந்திருக்கிறது.

கப்பல் வந்தது!

2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து "எம்பிரஸ்" என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூன் மாதம் அதே கப்பல் இலங்கைக்கும் சென்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அந்தப் பயணத்தில் இருந்தன. 2023 அக்டோபர் 14-ந் தேதி, நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்றுபோன அது, 2024 ஆகஸ்டு மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சொகுசுக் கப்பல் பகலில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் காலையில் இறங்குவார்கள். ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். கப்பல் புறப்படும் நேரத்துக்கு முன்பு திரும்பிவிட வேண்டும். நடுவில் அறைக்குப் போய் உடை மாற்றிவர நேரம் இருக்காது. எனவே, காலையில் தோளில் மாட்டும் ஒரு பையில்தான் அன்றைய உடை முழுவதும் இருக்கவேண்டும்.

அந்தப் பையில் என்ன இருக்கிறது? அதைப் பார்த்தாலே அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்!

அப்பாவுக்கு அரைக்கால் சட்டை இருக்கும். பையனுக்கு நீச்சல் உடை இருக்கும். சிறுமிக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அம்மாவுக்கு? ஒன்றும் இருக்காது!

செருப்புக்குக் காவல்

கடற்கரைக்கு ஒரு குடும்பம் வந்தால் என்ன நடக்கிறது? ஆண்களும் பிள்ளைகளும் அலையில் குதிக்கிறார்கள். அம்மா கரையில் நிற்கிறாள். ஒரு கையில் கைப்பை. இன்னொரு கையில் செருப்புகள். தோளில் துண்டு.

"நீயும் வாயேன்" என்று கணவன் கூப்பிடுகிறான். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுகிறாள். எதைக் கட்டிக்கொண்டு இறங்குவாள்? பாவம், அவளுக்கு யாரும் தண்ணீர் உடை வாங்கவில்லையே!

பயணத்துக்கு என்று பல ஆயிரம் ரூபாயில் புதுப் பட்டுப்புடவை வாங்கும் வீடுகள் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும், அவளும் கடலில் கால் நனைத்து மகிழ்வதற்கு.

புடவையால் வரும் ஆபத்து

சில தாய்மார்கள் துணிந்து புடவையோடு இறங்குகிறார்கள். அது ஆபத்து!

ஒரு புடவை ஐந்தரை மீட்டர் நீளம். அதன் கீழே பாவாடை வேறு. பருத்தித் துணி தண்ணீரை நிறையக் குடிக்கும். நனைந்த புடவை உடம்பைக் கீழே இழுக்கும். அலை வரும்போது துணி கால்களைச் சுற்றிக்கொள்ளும். முழங்கால் அளவு தண்ணீரில் விழுந்தவள்கூட எழுந்திருக்க முடியாமல் தவிப்பாள். துப்பட்டா கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். ஆண்கள் கட்டும் வேட்டியும் லுங்கியும் அப்படித்தான். ஜீன்ஸ் கால்சட்டையோ நனைந்தால் கனமாகிவிடும்.

தமிழ்நாட்டில் பருத்தி அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் ஒன்று. பருத்தியின் அருமையை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. வெயிலில் ஊர் சுற்றப் பருத்திக்கு இணை கிடையாது. வேர்வையை உறிஞ்சும். காற்று புகும். ஆனால், கரையில் நண்பனாக இருக்கும் பருத்தி, கடலில் பகைவன் ஆகிவிடுகிறது. தண்ணீருக்கு நைலான், பாலியஸ்டர் துணிகளே ஏற்றவை. அவை குறைவாகவே தண்ணீர் பிடிக்கும். சீக்கிரம் உலரும்.

அடக்கம் போய்விடுமா?

"நீச்சல் உடையா? நம் குடும்பத்துப் பெண்களா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது.

நீச்சல் உடை என்றாலே சினிமாவில் வருவது என்று நினைக்க வேண்டாம். கை முழுவதும் மறைக்கும் மேல்சட்டை, கணுக்கால் வரை இறங்கும் கால்சட்டை, அதன்மேல் தொடை வரை வரும் பாவாடை என்று முழு உடையே கடைகளில் கிடைக்கிறது. நனைந்த புடவை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அதைவிட இந்த உடை அடக்கமானது!

உலகத்திலும் இந்த விவாதம் ஓயவில்லை. 2004-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் அஹேதா சனெட்டி என்ற பெண்மணி, உடம்பையும் தலையையும் மறைக்கும் நீச்சல் உடையை உருவாக்கினார். அதற்குப் "புர்கினி" என்று பெயர். 2016-ல் பிரான்சு நாட்டின் சில கடற்கரை ஊர்கள் அந்த உடைக்குத் தடை போட்டன. அந்த நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு தடையை நிறுத்திவைத்தது.

வேடிக்கையைப் பாருங்கள்! உடை குறைந்தாலும் திட்டு. உடை கூடினாலும் தடை. திட்டு வாங்குவது என்னவோ பெண்தான்! ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தால், அவள் கடைசிவரை கரையிலேயே நிற்கவேண்டியதுதான். எந்த உடை தனக்கு ஏற்றது என்று அவளே முடிவு செய்யட்டும்.

1959-ம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார் ஆரத்தி சாஹா. ஆசியாவிலேயே அதைச் செய்த முதல் பெண் அவர்தான். அவர் கொல்கத்தாவைச் சேர்ந்தவர். நாடு அவரை நீச்சல் உடைக்காக ஏசவில்லை. 1960-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் நிறம். வெள்ளையும் வெளிர்நீலமும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. குழந்தை மூழ்கினால் தேடுவது கடினம். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நிறங்களே பிள்ளைகளுக்கு நல்லது. வெள்ளைத் துணிக்கு இன்னொரு குறையும் உண்டு. நனைந்தால் உள்ளே தெரியும். பெரியவர்கள் அடர்ந்த நிறத்தில் உடை அணிந்து, தலைக்குப் பளிச்சென்ற தொப்பி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது பெற்றோர் வழக்கம். பள்ளிச் சட்டைக்கு அது சரி. நீச்சல் உடைக்குச் சரிப்படாது. தொளதொள உடையை அலை இழுக்கும்.

வாங்கிய உடையை ஊரிலேயே ஒரு முறை நனைத்து, உடுத்திப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். கடலில் குளித்தபிறகு உடையை நல்ல தண்ணீரில் அலசவேண்டும். தங்கச் சங்கிலியும் கொலுசும் தண்ணீருக்குள் வேண்டாம். அலை கொண்டுபோனால் திரும்பத் தராது.

கோவிலும் கடலும்

காங்கேசன்துறையில் இறங்கும் குடும்பத்தைப் பாருங்கள். ஒரே நாளில் நல்லூர் கந்தசுவாமி கோவிலுக்குப் போகலாம். கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடலாம். காரைநகர் கசூரினா கடற்கரையையும் பார்க்கலாம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அங்கே வேட்டியும் புடவையும்தான் அழகு. திருகோணமலையிலும் அப்படித்தான். அங்கே கோணேசுவரம் கோவிலும் உண்டு. நிலாவெளி கடற்கரையும் உண்டு.

புத்த விகாரைக்குப் போவதானால் தோளும் முழங்காலும் மறையவேண்டும். தொப்பியும் செருப்பும் கூடாது. புத்தர் படம் போட்ட சட்டை வேண்டவே வேண்டாம். 2014-ல் கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்த இங்கிலாந்துப் பெண் ஒருவரை இலங்கை அரசு திருப்பி அனுப்பியது.

எனவே காலையில் கோவில், மாலையில் கடல் என்று திட்டம் போடுவது நல்லது. பருத்தி உடை மேலே. நீச்சல் உடை பையில். ஈரத்துணி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை. வழுக்காத, வார் வைத்த செருப்பு. இவ்வளவு போதும்.

நல்ல உடை போட்டதால் யாரும் நீச்சல்காரர் ஆகிவிட முடியாது. அனுமதி உள்ள இடத்தில், ஆழம் குறைந்த இடத்தில்தான் இறங்கவேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் கரையோடு நின்றுவிட வேண்டும்.

யார் முறை?

"எல்லாரும் இறங்கிவிட்டால் பையை யார் பார்ப்பது?" என்று அம்மாவே கேட்பாள். முறை வைத்துப் பார்க்கலாமே! அரை மணி நேரம் அப்பா செருப்புக்குக் காவல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கப்பல் டிக்கெட்டில் அம்மாவுக்கு என்று தனிச் சலுகை கிடையாது. அப்பாவுக்கு வாங்கும் அதே விலைதான் அவளுக்கும். அந்த விலையில் கடலும் சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது, பட்டியலின் முதல் வரியில் அவளுடைய தண்ணீர் உடையை எழுதவேண்டும். போகும் இடம் காங்கேசன்துறையாக இருந்தாலும் சரி, வேளாங்கண்ணியாக இருந்தாலும் சரி!