டெட்ஸோன் என்னும் அனாமத்துக் கணக்கு

மீனம்பாக்கம் 07 ஓடுபாதையில் செஸ்னா 172-ஐக் கிளப்பி, இடப்பக்கம் திரும்பி, கரையை ஒட்டியே வடக்கே போனால் எண்ணூர், காட்டுப்பள்ளி, அதைத் தாண்டினால் எங்க பழவேற்காடு ஏரி. இன்னும் கொஞ்சம் போனால் ஸ்ரீஹரிகோட்டா. ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரில் நான் அதிகம் பறந்த வழி இதுதான். பழைய லேப்டாப்புக்கு அது போதும். ஜாய்ஸ்டிக் மட்டும் காசு கொடுத்து வாங்கியது, மூவாயிரத்துச் சொச்சம்.

இந்த வழியில் மூன்று மாதமாக ஒரு பிரச்சினை. ஏரிக்கு மேல் வரும்போது விமானம் சாமி வந்த மாதிரி ஆடும். நான் தொடாமலே இடது இறக்கை சரியும், மூக்கு எகிறும். பகலில் ஓட்டினால் ஒழுங்காகப் போகிற அதே விமானம் ராத்திரி பத்து மணிக்கு மேல் இப்படிச் செய்யும். தூக்கக் கலக்கத்தில் என் கைதான் நடுங்குகிறது என்று நம்பினேன் (சிரிக்காதீங்க). 'நமக்கு இது வராதுப்பா' என்று மூட்டை கட்டி வைக்கிற நிலைக்கே வந்துவிட்டேன்.

யாரிடம் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: "டெட்ஸோனைக் கூட்டு."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டெட்ஸோன் என்றால், குச்சி நடுவில் இருக்கும்போது இவ்வளவு தூரம் அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று விளையாட்டுக்குச் சொல்லி வைப்பது. பத்து சதவீதம் வைத்தேன். ஆட்டம் நின்றது. ஆனால் தரையிறங்கும்போது, ஓடுபாதைக்கு மேலே கடைசிச் சில அடிகளில் மூக்கை நூல் அளவு தூக்க வேண்டும் பாருங்கள், அந்த நூல் அளவு அசைவும் சேர்ந்து செத்துவிட்டது. இழுத்தால் ஒன்றுமே நடக்காது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் விமானம் வானத்தைப் பார்க்கும்.

பிகாம் படிக்கிறவனுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இருப்பாய்வு ஒத்துப் போகவில்லை என்றால் வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமன் செய்வோம் இல்லையா? அதில் தப்பில்லை. ஆனால் அது தற்காலிகம். பிழை எங்கே என்று தேடிப் பிடித்து, திருத்தப் பதிவு போட்டு, அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காமலே வருஷக்கணக்கில் வைத்திருக்கிற கடைக்காரரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? டெட்ஸோனும் அப்படித்தான். மலிவான குச்சிக்கு இரண்டு மூன்று சதவீதம் வைப்பது நியாயம். பத்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போனால் அது பிழையை மறைக்கிற வேலை. என் கட்சி இதுதான்: முதலில் பிழையைப் பார், அப்புறம் மறைக்கலாமா என்று யோசி.

எப்படிப் பார்ப்பது? விளையாட்டை மூடுங்கள். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜே ஓ ஒய், புள்ளி, சி பி எல் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கன்ட்ரோலர் பட்டியல் வரும். அதில் ப்ராப்பர்ட்டீஸ் போனால் குச்சி இருக்கும் இடம் ஒரு கூட்டல் குறியாகத் தெரியும். காலிபரேட் பக்கத்தில் 'டிஸ்ப்ளே ரா டேட்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் குச்சி அனுப்புகிற எண்களே தெரியும். இப்போது கையை எடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள். பிழையின் வடிவமே அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

எண் அசையவே இல்லை, ஆனால் விமானம் மட்டும் ஆடுகிறதா? குச்சியின் மேல் பழி போடாதீர்கள். ஒரே அச்சுக்கு இரண்டு கருவிகள் வேலை கொடுத்திருக்கலாம். ஜாய்ஸ்டிக்கோடு ஒரு கேம்பேடும் செருகியிருந்தால் இது அடிக்கடி நடக்கும். சிமுலேட்டரில் காற்று வைத்திருக்கலாம். ஒற்றை எஞ்சின் விமானம் எஞ்சினின் முழு சக்தியில் இடப்பக்கம் இழுப்பது நிஜத்திலும் உள்ள குணம்.

எண் நிலையாக இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லையா? காலிபரேஷன் போதும். குச்சியை மெல்ல ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தும்போது ஒரே இடத்தில் மட்டும் எகிறுகிறதா? உள்ளே பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்காகியிருக்கிறது. பழைய ரேடியோவின் வால்யூம் திருகும்போது கரகரக்குமே, அதே பொருள், அதே நோய். இந்த நிலையில் காலிபரேட் செய்தால் இன்னும் மோசம். எகிறிய எண்ணையே கம்ப்யூட்டர் 'எல்லை' என்று எழுதிக்கொள்ளும். பிறகு குச்சியை முழுக்கத் தள்ளினாலும் விமானத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது.

எல்லா இடத்திலும் நடுங்குகிறதா? அப்படியென்றால் வயர், மின்சாரம், ஈரம் இந்த மூன்றில் ஒன்று. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் எர்த் சரியில்லை. யுஎஸ்பி ஹப்பை விட்டு நேராகச் செருகிப் பாருங்கள். குச்சியைத் தொடாமல் வயரை மட்டும் அசைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

என்னுடையது இந்தக் கடைசி வகை. சார்ஜரைக் கழற்றினேன், போர்ட்டை மாற்றினேன், அசையவில்லை. பகலில் எண் நிற்கிறது, ராத்திரியில் ஆடுகிறது. விடை சொன்னவர் சித்தப்பா. ஃபைபர் படகு எஞ்சினோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர். ஜாய்ஸ்டிக் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும், "டேய், உப்பு மொதல்ல டெர்மினல்லதான் உக்காரும். அத தொறந்து பாத்தியா?" என்றார். "இல்ல சித்தப்பா." "அப்புறம் என்னத்த மூணு மாசமா பாத்த?"

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. உப்புக்காற்றுக்குப் பஞ்சமில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி வேர்ப்பது இதனால்தான். பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் உப்புப் படலம் ராத்திரி ஈரத்தில் உப்புநீராகி, மின்சாரம் போகக்கூடாத இடத்தில் வழி கொடுக்கும். திறந்து பார்த்தேன். இணைப்பு ஊசிகளில் பச்சை பூத்திருந்தது, போர்டில் வெள்ளைப் பொடி. ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், ஒரு மணி நேரம் காய்ச்சல், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எண் ஒழுங்காக நின்றது. நடுங்கியது என் கை இல்லை!

இரண்டு எச்சரிக்கை. வாரன்ட்டி இருந்தால் திறக்காதீர்கள். திறப்பதானால் யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள்; பொட்டென்ஷியோமீட்டருக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கான்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள். காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் குச்சி வாங்கினால் தேய்மானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வயரும் ஊசியும் அதிலும் உண்டு, உப்பு அதையும் விடாது.

விளையாட்டுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். 2018 அக்டோபர் 28 இரவு, இந்தோனேசியாவில் லயன் ஏரின் போயிங் 737 மேக்ஸ் ஒன்று பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. அன்றுதான் மாற்றப்பட்ட ஒரு சென்சார் சுமார் 21 பாகை தப்பாகக் காட்டியது. விமானியின் கட்டுப்பாட்டுக் கழி வழியெல்லாம் அதிர்ந்தது. எப்படியோ சமாளித்து இறங்கினார்கள். ஆனால் பராமரிப்புக் குறிப்பில் அந்த அதிர்வும், அவர்கள் சமாளித்த விதமும் எழுதப்படவில்லை. மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். மூக்கைக் கீழே தள்ளிய தானியங்கி அமைப்பு ஒரே ஒரு சென்சாரை நம்பியிருந்தது என்பது பெரிய காரணம். முந்தின இரவின் பிழை முழுசாகப் பதிவாகாததும் காரணங்களில் ஒன்று. என் ஜாய்ஸ்டிக்கை அதோடு ஒப்பிடவில்லை. சமாளித்தாகிவிட்டது என்பதும் சரியாகிவிட்டது என்பதும் ஒன்றில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது என் டெட்ஸோன் இரண்டு சதவீதம். குச்சி வேலை முடிந்ததும் மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடும், கூடவே புதுச் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலு. நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீனம்பாக்கத்தில் இறங்கினேன். மூன்று தடவை குதித்துத்தான் நின்றது. அது முழுக்க என் கைவரிசை, குச்சிக்குச் சம்பந்தமில்லை :-)