உயிர்காக்கப் பயிலும் பிள்ளைகளின் மௌனம்

நீட் தேர்வில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகளில் பலர் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளை நாடுகின்றனர். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெறும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்ப பி.எஸ்சி. படிப்பு அவற்றுள் ஒன்று. வேறு பட்டம் பெற்றபின், ஏறக்குறைய 50 நாள் பயிற்சியுடன் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்வோரும் உளர். சேர்க்கையின்போது கல்விக் கட்டணம், விடுதி, சம்பளம், வளைகுடாவில் வாய்ப்பு ஆகிய அனைத்தையும் விசாரிக்கும் பெற்றோர், பத்தொன்பது வயதில் தம் பிள்ளை எவற்றையெல்லாம் காணப்போகிறது என்பதை மட்டும் விசாரிப்பதில்லை.

அவன் காண்பவை எளியவை அல்ல. நெடுஞ்சாலையில் நசுங்கிய வாகனம், பூச்சிமருந்து அருந்திய இளம்பெண், மூச்சற்ற கைக்குழந்தை. நின்றுபோன இதயத்தை மீட்க மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். சில வேளைகளில் விலா எலும்பு முறிவதை உள்ளங்கையே உணரும். பொம்மையின் மீது பழகிய மாணவனுக்கு அந்த உணர்வை எந்த வகுப்பறையும் கற்பித்திருக்காது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர், எவ்வளவு செம்மையாகச் செய்தாலும் பிழைப்பதில்லை. நம் திரைப்படங்களிலோ நான்கு அழுத்தங்களில் நோயாளி கண் விழித்துவிடுகிறார்! இந்த உண்மையை எவரும் எடுத்துச் சொல்லாதபோது, தன் கையில்தான் பிழை என்று அந்த மாணவன் முடிவு செய்துகொள்கிறான்.

பணியில் மூத்தவருக்கு உடன் பேசத் தோழர்கள் இருப்பர். மாணவனின் நிலை வேறு. தன் கலக்கத்தை அவன் சொல்ல வேண்டியவரே அவனுக்கு மதிப்பெண் இடுபவராகவும் இருக்கிறார். ‘இந்த வேலைக்கு இவன் தேறமாட்டான்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி அவன் வாய் திறப்பதில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் உறக்கமில்லை, உணவு இறங்குவதில்லை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறான், காரணமின்றி உம்மாவிடம் சினக்கிறான்.

இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஈமான் குறைந்துவிட்டது என்கிறார் ஒருவர். கண்ணேறு என்று தாயத்துக்கு வழிகாட்டுகிறார் மற்றொருவர். மனநல மருத்துவரிடம் செல்லலாம் என்றாலோ, நாளை நிக்காஹ் பேசும்போது செய்தி வெளியாகுமே என்ற அச்சம் முன்னே வந்து நிற்கிறது. மகளாக இருந்தால் அவ்வச்சம் இருமடங்கு.

மகனைப் பிரிந்த துயரில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவர்களுடைய ஈமானை யாரேனும் ஐயுறுவாரா? தம் மகன் இப்ராஹீமின் மறைவின்போது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். துஆவும் தொழுகையும் மனத்துக்கு உறுதி தருபவை, அதில் ஐயமில்லை. ஆனால் எலும்பு முறிந்தவனை ஓதிப் பார்த்ததோடு அனுப்பிவிடாத நாம், மனம் முறிந்தவனை மட்டும் அவ்வாறு அனுப்புவது ஏன்?

இது மருத்துவ நூல்கள் ஏற்றுக்கொண்ட பாதிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், தமக்கு நேராத கொடுமைகளைப் பணியின் பொருட்டு மீண்டும் மீண்டும் காண நேர்வோருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் வரலாம் என ஏற்கிறது. முதல் சில நாள்களின் கலக்கம் இயல்பானது. பெரும்பாலோருக்குத் தானே தணியும். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவுகளும் திடுக்கிடலும் தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சொல்லில் தென்பட்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. 14416 என்னும் டெலி மானஸ் எண் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

அதற்காக, வீடு திரும்பியவனை அமர்த்தி ‘என்ன பார்த்தாய், சொல்’ என்று துருவுவதும் தவறு. நடந்ததை உடனே முழுவதுமாகச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வுகள் பின்னாளைய நோயைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. உடன் அமர்ந்து உண்பதும், உறங்க விடுவதும், அவனாகப் பேசும்போது இடைமறித்து அறிவுரை கூறாதிருப்பதும் போதும். ‘ஸப்ர் செய்’ என்பது நல்ல சொல்தான். அவன் பேசி முடித்தபின் சொல்லலாமே. கல்லூரிகளோ, மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத ஓர் ஆலோசகரைப் பயிற்சிக் காலம் முழுவதும் மாணவர்களுக்கென அமர்த்த வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு சொல். பல ஊர்களில் நம் அமைப்புகளும் பள்ளிவாசல்களும் ஆம்புலன்ஸ் நடத்துகின்றன. கொரோனா காலத்தில் சமயம் பாராமல் உடல்களை அடக்கம் செய்த இளைஞர்களை நாடே பாராட்டியது. அவர்களில் பலர் முறையான பயிற்சியும் பெறாதவர்கள். நிர்வாகக் கூட்டத்தில் டீசல் கணக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கும் வாசிக்கப்படுகின்றன. அதே கூட்டத்தில், சென்ற மாதம் விபத்துக்குச் சென்றவர்கள் யார், அவர்களுக்கு ஓய்வு கிடைத்ததா, அடுத்த வாரம் அவர்களுக்குப் பதிலாக யாரை அனுப்பலாம் என்பதையும் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். இதற்குத் தனியாக நிதி திரட்ட வேண்டியதில்லை.