சுவரின்றிச் சித்திரம்: பொதுப் பல்கலைக்கழகங்களும் தரவரிசை மோகமும்

ஆண்டுதோறும் தேசிய நிறுவனத் தரவரிசை வெளியாகும்போது நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒரே காட்சிதான் அரங்கேறுகிறது. இடம் உயர்ந்திருந்தால் நுழைவாயிலில் பதாகை. இறங்கியிருந்தால் துறைத்தலைவர்களுக்கு அவசரக் கூட்டம். அக்கூட்டத்தின் முடிவும் பெரும்பாலும் ஒன்றே: ஆய்வாளர்கள் இன்னும் அதிகமான ஸ்கோபஸ் கட்டுரைகளை வெளியிட வேண்டும். காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களைப் பற்றியோ உதவித்தொகையைப் பற்றியோ அங்கே பேச்சு எழுவதில்லை. இந்த அணுகுமுறை அறத்தின்படி மட்டுமன்று, தரவரிசையின் சொந்தக் கணக்கின்படியும் தவறானது என்பதே என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016 முதல் வெளிவரும் இத்தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கான மதிப்பெண் ஐந்து கூறுகளாகப் பிரிகிறது: கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆய்வு 30, பட்டம் பெறுவோர் நிலை 20, சமூக உள்ளடக்கம் 10, நற்பெயர் 10. ஆய்வுக்கு உள்ள அதே எடை கற்பித்தலுக்கும் உண்டு. அந்தக் கற்பித்தல் கூறிலோ ஆசிரியர்–மாணவர் விகிதமும், ஆசிரியர்களின் தகுதியும் அனுபவமும், ஒரு மாணவருக்குச் செலவிடப்படும் தொகையும் பெரும்பங்கு வகிக்கின்றன. செலவைக் கணக்கிடும்போது நூலகம், ஆய்வகம், கருவிகள் ஆகியவை சேரும்; புதிய கட்டடங்கள் சேரா. அலங்கார வளைவுக்கும் குளிரூட்டப்பட்ட அரங்கத்துக்கும் கோடிகளைக் கொட்டும் நிர்வாகங்கள் இந்த ஒரு விதியையாவது படித்திருக்கலாம்.

ஆய்வுக் கூறுக்கு வருவோம். கட்டுரைகளின் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தே மதிப்பெண் தரப்படுகிறது. ஆசிரியர் குறைந்தால் சராசரி கூடுமே என்று யாரும் மகிழ வேண்டியதில்லை. மாணவர் தொகைக்கேற்ப இருக்க வேண்டிய ஆசிரியர் எண்ணிக்கை, உண்மையில் இருப்போர் எண்ணிக்கை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதையே வகுக்கும் எண்ணாகக் கொள்கிறார்கள். நிரப்பப்படாத நாற்காலியும் எண்ணப்படுகிறது. அதில் அமர்ந்து எழுதத்தான் ஆள் இல்லை. 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருந்தன என்பது நாடாளுமன்றத்தில் அரசே அளித்த விடை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே நடக்கும் துறைகளை நாம் எல்லோரும் அறிவோம்.

இந்தப் பற்றாக்குறையின் சுமை இறுதியில் வந்து விழுவது ஆய்வு மாணவர் தோளில். 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை பெறாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது 8,000 ரூபாய். அதையும் நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு முனைந்தபோது, 2015 அக்டோபரில் தில்லியில் அதன் அலுவலகத்தின் முன் திரண்டு போராடியே மாணவர்கள் அதைக் காத்துக்கொண்டார்கள். பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த எட்டாயிரமும் கிடையாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆயினும் தரவரிசையின் பெயரால் அக்கட்டாயத்தைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். வருமானமில்லாத ஒருவரிடம் காலக்கெடு விதித்துக் கட்டுரை கேட்டால் விளைவது என்ன? பணம் வாங்கி அச்சிடும் ஆய்விதழ்களும், கூலிக்கு எழுதித் தரும் கடைகளும்தாம் செழிக்கும். பின்வாங்கப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை 2025 தரவரிசையில் புகுத்தப்பட்டதன் காரணமும் இதுவே. குறுக்குவழி இப்போது பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும்.

"ஜாதவ்பூரைப் பாருங்கள், பணமில்லாமலே சாதிக்கவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். 2025-இல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் முதலிடமும், அனைத்துப் பல்கலைக்கழகங்களில் ஒன்பதாமிடமும் பெற்றது அது. ஆனால் அதன் வேர் 1906-இல் தொடங்கிய தேசியக் கல்விக் கழகத்தில் இருக்கிறது. பல தலைமுறை ஆசிரியர்கள் சேர்த்து வைத்த முதலில் இருந்துதான் அது இன்று உண்கிறது. அப்பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியால் முன்னாள் மாணவர்களிடம் உதவி கோர நேர்ந்ததையும் நாம் கண்டோம். பட்டினி கிடந்தும் ஓடுகிறவனைக் காட்டிப் பட்டினிதான் ஓட்டத்துக்கு நல்லது என்று வாதிடுவது அறிவுடைமையாகாது.

"பணியிடங்களை நிரப்புவது அரசின் கையில், துணைவேந்தர் என்ன செய்வார்?" என்பது இன்னொரு கேள்வி. பாதி நியாயமான கேள்விதான். ஆனால் பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருப்பவையும் பல. குறித்த காலத்தில் பட்டம் பெறுவோரின் விழுக்காடும், முந்தைய மூன்று ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றோரின் சராசரியும் மதிப்பெண்ணுக்குரியவை. தேர்வு முடிவைக் காலத்தோடு வெளியிடவும், ஆய்வேட்டை மாதக்கணக்கில் அலமாரியில் உறங்கவிடாமல் மதிப்பீட்டுக்கு அனுப்பவும் எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளமும் உரிய கழிப்பறையும் அமைப்பதற்கு மதிப்பெண் உண்டு. கல்விக் கட்டணத்தை முழுமையாகத் திரும்பப் பெறும் எளிய மாணவர்களின் எண்ணிக்கைக்கும் உண்டு. அப்படியிருக்க, வருவாய்க்காகக் கட்டணத்தை உயர்த்திவிட்டுத் தரவரிசையில் மேலேறப் பார்ப்பது தன் வேரில் தானே வெந்நீர் ஊற்றுவதாகும்.

இவ்வளவும் சொன்ன பின்னர் ஒன்றை மறைக்கக் கூடாது: இந்த அளவுகோலும் கோணலானதே. கட்டுரைகளை ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் எண்ணும்போது வங்காளத்தில், மராத்தியில், தமிழில் எழுதப்படும் தரமான ஆய்வுகளில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாமல் போகின்றன. கல்வெட்டை வாசித்தவரும், வழக்காறுகளைத் தொகுத்தவரும், சுவடியைப் பதிப்பித்தவரும் பூச்சியமாகிறார்கள். தன் மாநிலத்தின் மொழியையும் வரலாற்றையும் ஆராய்வது பொதுப் பல்கலைக்கழகத்தின் தலைக்கடன். அதைக் கணக்கில் கொள்ளுமாறு துணைவேந்தர்கள் கூட்டாகக் கோரியிருக்க வேண்டும்; அவர்களோ அளவுகோலுக்கேற்பத் துறைகளை வெட்டிக் குறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். நிரந்தர ஆசிரியர், வயிற்றுப்பாட்டுக்குப் போதுமான உதவித்தொகை, திறந்திருக்கும் நூலகம், காலத்தோடு முடியும் ஆய்வு ஆகியவையே அந்தச் சுவர். ஆகவே, அடுத்த முறை தரவரிசைக் கூட்டத்துக்கு அழைக்கப்படும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வாளர்களிடம் எத்தனை கட்டுரை என்று கேட்பதற்கு முன், உங்கள் துறையில் எத்தனை இடம் காலி, எத்தனை ஆய்வேடு தேக்கம், எத்தனை மாத உதவித்தொகை பாக்கி என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அதற்கு வரும் விடையைக் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.