நட்சத்திரம் வேண்டாம், மூங்கில் குச்சி வாங்கி வையுங்கள்

டிசம்பருக்கு என்ன சரக்கு எடுப்பது என்று யோசிக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார்கள். அதனால் கிறிஸ்துமஸ் வியாபாரத்தின் போக்கு என் பேரேட்டில் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு வெளியூர் மொத்தக் கடை ஒன்றில் பிளாஸ்டிக் நட்சத்திரம் நாலு பெட்டி எடுத்தேன். பிரித்தால் பாதி எரியவில்லை. திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். துவரம்பருப்பு இன்று போகாவிட்டால் நாளை போகும். டிசம்பர் 26-ந் தேதி நட்சத்திரத்தை யார் வாங்குவார்?

நம் வாடிக்கையாளர் பாடு இதைவிட மோசம். கூலி வேலை செய்யும் குடும்பம் டவுனுக்குப் போய் நட்சத்திரம், தோரணம், பரிசுப் பொருள் என்று கைக்காசைக் கொடுத்துவிட்டு, மாவும் எண்ணெயும் நம்மிடம் கடனாக வாங்குகிறது. ஜனவரியில் பற்று நோட்டைப் புரட்டினால் பாக்கி அப்படியே நிற்கும். பின்னாலேயே பொங்கல் வந்துவிடும். அவர்கள் அலங்காரத்தில் மிச்சம் பிடித்தால்தான் நமக்கு வசூல். இதில் தர்மம் ஒன்றுமில்லை, கணக்குதான்.

நட்சத்திரம் கட்ட நீளக் குச்சி 10, குட்டைக் குச்சி 5 போதும். ஐந்தைந்து குச்சியில் இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்துக் கட்டவேண்டும். நடுவில் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் குட்டைக் குச்சியை முட்டுக் கொடுத்தால் உப்பி நிற்கும். மேலே கலர்த் தாள் ஒட்டவேண்டியதுதான். கூடை முடைகிறவர்களிடம் சொன்னால் குச்சி பிளந்து தருவார்கள். குச்சி, தாள், சணல், 100 கிராம் மைதா எல்லாவற்றையும் ஒரே கட்டாக 50, 60 ரூபாய்க்குக் கொடுக்கலாம். பசையில் துத்தம் போடுவது போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வழக்கம். பிள்ளைகள் கை படும் வேலைக்கு அது கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். குண்டு பல்பு போட்டால் தாள் கருகும், சிறிய எல்.இ.டி. பல்பே போதும்.

குடிலுக்கு வேண்டியது பெரும்பாலும் நம் கடையிலேயே கிடக்கிறது. அட்டைப்பெட்டி கொட்டகையாகும். பழைய சாக்கைக் களிமண் கரைசலில் தோய்த்துப் போர்த்தினால் மலையாகும். டிசம்பர் 15 வாக்கில் கேழ்வரகோ வெந்தயமோ தட்டில் தூவித் தண்ணீர் தெளித்தால் பண்டிகைக்குள் பச்சைப் புல் வந்துவிடும். முளைப்பாரி போடுகிற ஊருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

தெர்மாகோல் மட்டும் வாங்கி வைக்காதீர்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. இனிப்புப் பெட்டி மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில் இருக்கிறது. தெரியாமல் விற்றேன் என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

பரிசுக்கு ஒரு யோசனை. ஆதனக்கோட்டை முந்திரி கால் கிலோ, கொஞ்சம் உலர்திராட்சை, கற்கண்டு சேர்த்துச் சிறிய மஞ்சள் பையில் கட்டி வையுங்கள். 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அந்தப் பையைக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் பை தைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் நாலு காசு.

இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து காகிதம் ஒட்டுவார்கள் என்று சிலர் கேட்கலாம். குளமங்கலம் ஐயனார் கோயில் பெரிய குதிரைக்கு மாசிமகத்தில் சாத்தும் காகிதப்பூ மாலைகளைப் போய்ப் பாருங்கள். குதிரை உயரத்துக்கு மாலை கட்டுகிற கைகள் உள்ள மாவட்டம் இது. ஒரு நட்சத்திரம் கட்ட வராதா?

கார்த்திகை தீபம் வரை காத்திருக்காமல் நவம்பர் கடைசிக்குள் கட்டுகளைத் தயார் செய்துவிடுவது நல்லது. இந்த வருஷம் என் கிடங்கு அட்டைப்பெட்டிகளை நான் எடைக்குப் போடவில்லை. வேண்டுகிற உறுப்பினர்கள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.